குடிக்காமல் வைத்த கோப்பி

அக்கா,

இன்று டோர்வல் விமான நிலையத்தில் வேலை முடிந்து வந்து, கார் விட இடம் தேடித் தேடிக் கடைசியில் அபு சமீரின் வெதுப்பகத்துக்கு முன்னால்தான் ஓர் இடம் கிடைத்தது. கதவைத் திறந்தேன். எள்ளையும் காய்ந்த இலைத்தூளையும் எண்ணெயில் குழைத்துப் பூசிச் சுடுகிற அந்த ரொட்டியின் வாசம் காருக்குள் வந்துவிட்டது. நீங்கள் அங்கே வேலை செய்த காலம் முழுக்க உங்கள் கோட்டிலும் தலைமயிரிலும் இருந்த வாசம். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது என்று நக்கலடிப்பேன். "சம்பளத்தோடை சும்மா தாறதை ஏன் வேண்டாமெண்டுவான்" என்பீர்கள். கதவைத் திரும்பச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்து அழுதேன்.

அந்த யூலை மாதம்தான் நினைவுக்கு வந்தது. லெபனான்மீது இஸ்ரேல் குண்டு போடத் தொடங்கிய 2006 யூலை. இங்கே வில்லரேப் பகுதியில், நபீலின் மூலைக்கடைக்கு மேல்மாடியில் நீங்கள் இருந்தீர்கள், எதிர்க்கதவு வீட்டில் நான். நபீல் லெபனான்காரர். உங்கள் முதலாளி அபு சமீர் சிரியாக்காரர். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சந்திதான். ஆனாலும் நபீல் தன் கடைக்கு ரொட்டியை ஆறு தாண்டி லாவாலில் இருந்து எடுப்பிப்பார். அபு சமீர் சிகரெட் வாங்க அடுத்த சந்திக்கு நடப்பார். இரண்டு பேரும் ஒரு மொழி பேசுகிறவர்கள்தானே, ஏன் இந்தக் கூத்து என்று நான் கேட்டால், ஒரு மொழி பேசுகிற நாங்கள் மட்டும் என்ன லட்சணம் என்று என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

உங்கள் தங்கச்சி ஜெசிந்தா அப்போது பெய்ரூட்டில் வீட்டு வேலையில் இருந்தாள். கலியாணம் முடித்து இங்கே கனடாவுக்கு வருமுன் நீங்கள் வேலை செய்த அதே வீடு. நல்ல சனம் என்று மன்னாருக்கு எழுதி, உங்கள் இடத்துக்கு அவளை எடுப்பித்ததும் நீங்கள்தான். அந்த நல்ல சனம் கனடாப் பாஸ்போட் வைத்திருந்தது. இங்கிருந்து ஒழுங்கு செய்த கப்பலில் குடும்பத்தோடு ஏறிவிட்டார்கள். அதுவரை தாங்கள் பூட்டி வைத்திருந்த அவளுடைய பாஸ்போட்டைக் கையில் கொடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள், பூமரங்களுக்குத் தண்ணீர் விடு என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதைக் கேட்டு எனக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அந்த நாட்களில் அங்கிருந்து தப்பி வந்தவர்கள் டோர்வலில் இறங்கினார்கள். விமானத்தில் அவர்கள் எழும்பிப் போன இருக்கைகளைத் துடைப்பது என் வேலை. ஒற்றைச் செருப்பு, பால்போத்தல், வீட்டுத் திறப்புக் கோர்வை என்று எதையெல்லாமோ விட்டுப் போயிருப்பார்கள். நான் படியேறி வரும் சத்தம் கேட்டதும் நீங்கள் கதவைத் திறந்து, வேலைக்காரப் பிள்ளைகள் யாராவது இறங்கினார்களா என்று கேட்பீர்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வீட்டுக்கு வரவே பயமாகிவிட்டது.

பெய்ரூட் விமான நிலையத்தை உடைத்துவிட்டார்கள், வெளிநாட்டுப் பாஸ்போட்காரரை ஏற்றும் கப்பல்களைத் தவிர மற்றவர்களுக்குக் கடலையும் மறித்துவிட்டார்கள். எங்கள் நாட்டுத் தூதரகம் அவளுடைய பெயரை எடுத்துக்கொண்டு காத்திரு என்றது. மிச்சம் இருந்தது சிரியா எல்லைதான். அது லேசான எல்லையா? சிரியாப் படை லெபனானுக்குள் வருடக்கணக்காக இருந்துவிட்டு, முந்திய வருடம்தான் வேண்டா வெறுப்பாக வெளியேறியிருந்தது. பெய்ரூட்டில் ஆட்சியில் இருந்தவர்களுக்கு டமாஸ்கஸ் என்றாலே ஆகாது. டமாஸ்கஸ் அவர்களை வெளிநாட்டுக்காரனின் கையாட்கள் என்றது. சிரியாவுக்குக் கிழக்கே, ஈராக்கில், அமெரிக்கப் படை. மேற்கே குண்டு. அடுத்தது தாங்கள்தான் என்ற பயம் அங்கே எல்லோருக்கும் இருந்தது. பெரிய அரபு அரசுகளோ, முதல் கிழமையில் அடிக்கிறவனை விட்டுவிட்டு, அடிவிழக் காரணம் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தன. ரீவியில் அரபிச் சனலைப் பார்த்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த நீங்கள் ஒரு நாள் இடையில் நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள்:

"அயலும் அயலும் கோவிச்சுக் கதவைப் பூட்டினா, நடுவிலை நிக்கிறவள் எங்கை பிள்ளை போறது?"

வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. நபீலின் மருமகன் பெய்ரூட்டில் கார் வைத்திருந்தான். டமாஸ்கஸுக்குப் போகும் பெரிய வீதி உடைந்துபோனாலும், வடக்கே சுற்றி அவளை எல்லைவரை கொண்டுபோய் விடுவான். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரியாக்காரர் வந்து நின்று பொறுப்பெடுக்க வேண்டும். அப்படி ஒரு பெயரைச் சொல்லாமல் காரை எடுக்க மாட்டேன் என்றான் அவன். அவனிலும் பிழையில்லை. அபு சமீரின் தம்பி டமாஸ்கஸில் அரசாங்க வேலையில் இருந்தார். வெதுப்பகத்தில் வைத்து அபு சமீரிடம் கேட்டீர்கள். கடவுள் விட்டால் பார்க்கலாம் என்றாராம். "அவையின்ரை பாப்பமும் எங்கடை ஆக்களின்ரை பாப்பமும் ஒண்டுதான்" என்று வந்து சொன்னீர்கள். நபீலைக் கொண்டு கேட்பிக்கலாம் என்றேன். அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள், நபீலின் தம்பியை லெபனானின் பழைய உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் சிரியாப் படையின் சோதனைச் சாவடியில் இறக்கிக்கொண்டு போனார்கள் என்று. பிறகு அவனைப் பற்றிய தகவலே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல், பியர்பொன்ட்ஸுக்குப் போவோம் என்றீர்கள். அபு சமீரின் வீடு அங்கே. நபீலும் வந்தார். மருமகனின் நம்பரைத் தருவேன், பாதை விவரம் சொல்லுவேன், ஆனால் அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்பது அவருடைய நிபந்தனை. நெடுஞ்சாலை முழுக்க நீங்கள் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தீர்கள். போய்ச் சேர்ந்ததும் நபீல் காருக்குள்ளேயே இருந்துவிட்டார்.

உள்ளே நல்ல வரவேற்பு. அபு சமீரின் மனைவி ஏலக்காய் போட்ட கசப்புக் கோப்பியைச் சின்னக் கிண்ணங்களில் கொண்டுவந்தா. நான் மடக்கென்று குடித்துவிட்டேன். நீங்கள் வாங்கி, முன்னால் இருந்த மேசையில் வைத்தீர்கள். குடிக்கச் சொன்னார்கள். நீங்கள் குடிக்கவில்லை. அபு சமீரின் முகம் மாறியதைக் கண்டேன். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் நீங்கள் சொன்னீர்கள்: கோப்பியை வாங்கிக் குடிக்காமல் வைத்தால் விருந்தாளிக்குக் கேட்க ஒரு காரியம் இருக்கிறது என்று அர்த்தமாம். "உன் காரியம் ஆச்சு, குடி" என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். ஆறவிட்டு அனுப்பினால் குறை அந்த வீட்டுக்கு. பெய்ரூட்டில் வேலை செய்த வீட்டில் பெரிய மனிதர்கள் வந்து இப்படி இருந்ததை நீங்கள்தானே கோப்பி கொடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அப்போது கோப்பித் தட்டோடு நின்ற நீங்கள் இப்போது அந்தப் பெரிய மனிதர்களின் இடத்தில் இருந்தீர்கள்.

அபு சமீர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கையைப் பிசைந்துகொண்டு நெடுநேரம் பேசினார். தம்பி வீட்டு ரெலிபோனில் இன்னொரு காது இருக்கிறது, லெபனான் நம்பர் ஒன்று அதில் விழுந்தால் ஏன், யார் என்று கூப்பிட்டு விசாரிப்பார்கள், இந்த நேரத்தில் விசாரணைக்குப் போனவன் எப்போது வருவான் என்று யாருக்குத் தெரியும் என்றாராம். கோப்பியில் ஆவி நின்றுபோனது. அவருடைய மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கு எழும்பி ஓட வேண்டும் போல இருந்தது.

அப்போது கதவு மணி அடித்தது. நபீல். காரில் இருந்து களைத்துப்போனாரோ, என்ன நினைத்தாரோ தெரியாது. யார் முகத்தையும் பார்க்காமல் வந்து உங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அந்த மனுசி அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தா. அவர் வாங்கி, உங்கள் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு அரபியில் இரண்டே வசனம் சொன்னார். திரும்பி வரும்போது முன் இருக்கையில் இருந்து மெல்ல என் பக்கம் சாய்ந்து அதைத் தமிழில் சொன்னீர்கள்:

"'என்ரை தம்பியைக் கேட்டு நான் வரேல்லை. இவவின்ரை தங்கச்சியைக் கேட்டு வந்திருக்கிறன்' எண்டவர் பிள்ளை."

அபு சமீர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு கையால் கிண்ணங்களைக் காட்டினார். நீங்கள் இருவரும் ஆறிப்போன அந்தக் கோப்பியை ஒரே மூச்சில் குடித்தீர்கள்.

ஜெசிந்தா வெளிக்கிட்ட நாளில் அந்த வடக்குப் பாதையில் ஒரு பாலத்தை அடித்துவிட்டார்கள். காரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. நபீல் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அபு சமீர் தானே நடந்து வந்து அந்தக் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, நபீலிடம் தலையை மட்டும் ஆட்டிக் கேட்டார். நபீலும் இல்லை என்று தலையை ஆட்டினார். நீங்கள் சாப்பிடாமல் கிடந்தீர்கள். நான்தானே அவளை அங்கே விட்டேன் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி என்னையும் கொன்றீர்கள். பிறகு டமாஸ்கஸில் இருந்து அவளே போன் எடுத்தாள். பாதி வழி நடந்தாளாம். எல்லையில் அபு சமீரின் தம்பி, தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்து அவளைக் கூட்டிப்போனாராம்.

அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு கூடிக் குலாவினார்கள் என்று எழுத ஆசைதான். இல்லை. லெபனான், சிரியா இரண்டு அரசுகளும் பிறகு ஒன்றில் ஒன்று தூதரகம் திறந்துகொண்டன. நபீல் இன்னமும் லாவால் ரொட்டிதான் விற்கிறார். உங்கள் செத்தவீட்டுக்கு இரண்டு பேரும் வந்து கோவிலில் ஆளுக்கொரு பக்கமாக இருந்தார்கள்.

டமாஸ்கஸில் இருந்து ஜெசிந்தா கொழும்பில் இறங்கியபோது எங்கள் நாட்டுச் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் பொறு என்றீர்கள். அவள் பொறுக்கவில்லை, மன்னாருக்குப் போனாள். அங்கிருந்து சனத்தோடு சனமாக வன்னிக்குள் தள்ளுப்பட்டாள். பிறகு குரலே இல்லை. சண்டையின் அந்தக் கடைசி மாதங்களில் நீங்கள் நோய் வருத்தத்தில் எலும்பாகிப் போயிருந்தீர்கள். ஒரு காலை நான் கஞ்சியோடு வந்தால், சேலை கட்டி, கோட்டும் போட்டுச் சப்பாத்தும் மாட்டிக்கொண்டு கட்டிலில் இருக்கிறீர்கள்.

"பிள்ளை, காரை எடு."

"எங்கை அக்கா?"

நீங்கள் யோசித்தீர்கள். எந்த வீட்டுக் கதவு, யாருடைய மேசை என்று ஒவ்வொன்றாக யோசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. நெடுநேரம் கழித்துக் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினீர்கள்.

நீங்கள் போன பிறகுதான் அவள் உயிரோடு ஒரு முகாமில் இருக்கிறாள் என்று தெரிந்தது. யாருடைய போனில் இருந்தோ எப்போதாவது எடுப்பாள். எடுக்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறாள், அக்கா என்னைப் பற்றிக் கடைசியாக என்ன சொன்னவ என்று.

"காரை எடு எண்டு சொன்னவ" என்கிறேன்.