ஹெட்போனுக்கு நீ கடைந்த கூடுகள்

நேற்று சாலிடரிங் கம்பி தேடி மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தேன். குப்பென்று தேக்கு வாசனை. நீ முதலில் கடைந்து வீணாய்ப் போன அந்த இரண்டு மரக்கூடுகளும் பழைய செய்தித்தாளில் சுற்றியபடியே கிடந்தன. ஒன்றின் உள்பக்கத்தில் பென்சிலால் 'இடது' என்று எழுதியிருக்கிறாய். கம்பியை மறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் துடியலூரில் டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கடை. உனக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் வேலை. பம்ப்செட்டை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து கொடுப்பது. நமக்கு ஒரே வயது, படித்தது ஒரே பள்ளிக்கூடம். ஆனாலும் நீ எனக்கு 'ங்க' போட்டாய், நான் உனக்கு 'டா' போட்டேன். கொங்குத் தமிழில் என்ன மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் வியக்கிறார்கள். அந்த மரியாதை எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை.

மில் முதலாளி ஒருவர் தன் வெளிநாட்டு ஹெட்போனை என்னிடம் கொடுத்திருந்தார். காதை மூடுகிற பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டிருந்தது. மரத்தில் செய்ய முடியுமா என்று உன்னைக் கேட்டேன். மூன்றாம் நாள் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தாய். கண்ணாடி போல வழவழப்பு. மாட்டிப் பார்த்தால் லொடலொடவென்று ஆடியது.

நீ கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். வார்த்த இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மர அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்வார்கள்; அதற்கென்றே கோடுகள் தள்ளித் தள்ளிப் போட்ட தனி ஸ்கேல் உண்டு. கைப்பழக்கத்தில் அதை வைத்தே அளந்திருக்கிறாய்.

"இப்ப என்னடா பண்றது?"

"இதையே இரும்புல ஊத்தி உங்க தலையில மாட்டுனா ஆறுறப்பச் சரியாப் போயிருமுங்க."

இரண்டாவது ஜோடிக்குச் சாதாரண ஸ்கேல். அதன் உள்சுவரை மூன்று தடவை மெலிதாக்கினாய். ஒவ்வொரு தடவையும் என் கடை கேசட்டைப் போட்டுக் கேட்டாய், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாய். "முந்தி டப்பாவுக்குள்ள உக்காந்து பாடுனானுங்க. இப்பத்தான் வெளிய வந்திருக்கிறான்" என்றாய். அன்றுதான் உன் ஆசையையும் சொன்னாய். "சின்னதா ஒரு லேத்து போட்டு இதையே சொந்தமாச் செய்யோணுமுங்க. அவரு நாலு பேருகிட்டச் சொன்னாப் போதும், பவுண்டரிய உட்டுப்போட்டு வந்துருவேன்."

அவர் வீட்டுக்கு இருவரும் போனோம். நீ பையை என்னிடம் கொடுத்துவிட்டு போர்ட்டிகோவில் நின்றுகொண்டாய். யாரும் உன்னை அங்கே நிற்கச் சொல்லவில்லை. உள்ளே வாடா என்று நானும் சொல்லவில்லை.

அவர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார். பாட்டு முடிந்ததும் மரத்தைத் தடவிப் பார்த்தார்.

"யாரு தம்பி கடைஞ்சது? நம்மாளா?"

"ஆமாங்க" என்றேன்.

"அப்பக் கூட்டிட்டு வாப்பா. நம்ம ஷெட்டு ஒண்ணு சும்மா கெடக்குது. லேத்து போட்டுக் குடுத்தர்லாம்." ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "வெளிய யாரு அது?"

"பையைத் தூக்கிட்டு வந்தவனுங்க."

உன் பெயரைச் சொன்னால் எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்பார். காலனி என்றால் அவர் முகம் மாறும். உன் வேலை கெட்டுவிடக் கூடாது என்றுதான் சொன்னேன். மற்றவர்களிடம் இப்படிச் சொல்லித் தப்பிக்கலாம். உன்னிடம் முடியாது. என் பக்கத்தில் இருப்பவன் யார் என்று அவருக்குத் தெரிவதில் எனக்குக் கூச்சம் இருந்தது. அந்தப் பொய்க்குப் பிறகு உன்னை அவர் முன்னால் எப்படி நிறுத்துவேன்? உனக்காகத் திறந்த ஷெட்டை நானே பூட்டிவிட்டேன்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. உனக்கு எல்லாமே கேட்டிருக்கும். திரும்பும்போது பஸ்ஸில் நீ பாட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டாய்.

"முழுப் பாட்டும் கேட்டாருங்களா?"

"கேட்டார்டா."

"நடுவுல கழட்டுலீங்களே?"

"இல்லடா."

"அப்பச் சரிங்க."

அடுத்த ஆடியில் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதுவரை பவுண்டரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாய். காலனிக்குள் நான் முதன்முதலாக வந்தது உன் சாவுக்கு. உன் அம்மா என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"பெரிய ஊட்டுல எம்பையன் பேரக் கேட்டு நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டாங்களாமே சாமி? லேத்து போட்டுத் தாரேன்னாங்களாமே? நெசந்தானுங்களா?"

நீ வீட்டில் இப்படிச் சொல்லியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. நிஜம்தான் அம்மா என்றேன்.

பதினைந்து நாள் கழித்து முதலாளி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். யார் கடைந்தது, எந்தத் தெரு, அன்று வெளியே நின்றது யார் என்று ஒன்றுவிடாமல். அவர் மாட்டியிருந்த ஹெட்போனை ஒரு காதில் மட்டும் விலக்கிக் கேட்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன தம்பி? வேலை சுத்தமாத்தான இருக்குது" என்றுவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். அன்றைக்கே சொல்லியிருந்தால் லேத் கிடைத்திருக்குமா? செத்தவனிடம் தாராளமாக இருப்பதற்குச் செலவில்லை என்று அவர்மேல் கோபப்பட்டுப் பார்க்கிறேன். ஆனால் உயிரோடு இருந்தபோது உன்னைப் பை தூக்குகிறவன் என்று சொன்னது அவர் இல்லையே.

காலனி முக்குக் குழாயடியில் உன் அம்மா சில நாள் என்னை நிறுத்துகிறாள். "இன்னும் அதுலதான் பாட்டுக் கேக்கறாங்களா சாமி?" என்பாள். ஆமாம் என்பேன். அது உண்மை. "எம்பையன் பேரச் சொல்லுவாங்களா?" என்று அடுத்துக் கேட்பாள். அதற்கும் சைக்கிளைவிட்டு இறங்கி நின்று ஆமாம் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.