மாத்திரைக்கு மூன்று வண்டி

என் ராணி அக்காவுக்கு,

உனக்குப் படிக்கத் தெரியாது. எந்தக் காகிதம் வந்தாலும் என் கையில் திணித்து, "சத்தமா படிடி, நாலு பேரு கேட்டா இன்னா இப்ப?" என்பாய். அதனால் இந்தக் கடிதத்தையும் நாலு பேர் கேட்கும்படியே எழுதுகிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. நடுவில் ஒரு வாரம் ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது. எதிர் வீட்டுத் தேசம்மா அக்கா கோவளம் போய் மீன் எடுத்து, சிட்லபாக்கம் தெருக்களில் விற்றுவிட்டு மதியத்துக்கு மேல் திரும்புகிறாள். மாடிக்கு மாடி கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கி ஏறுகிறாள். நான் ஆறு மாடியும் இறங்கிப் போய் வருகிறேன். நம்புவாயா? தனியாகத்தான்.

என் கதை உனக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்குத் தெரியாதே, அதற்காகச் சொல்கிறேன்.

எனக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தபோது பி.காம் இரண்டாம் வருடம். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நாம் இரண்டு பேரும் ஆற்றோரத்தில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். கொசு, சாக்கடை நாற்றம், மழை வந்தால் பயம், எல்லாம் உண்டு. ஆனால் வாசலில் நின்றால் பஸ் ஸ்டாப் தெரியும். ஒரே பஸ் மனநல ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும். காலையில் என்னை டாக்டரிடம் காட்டி, மாத்திரை வாங்கி, வீட்டில் விட்டுவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் நீ பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாய்.

அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொண்டது. கை லேசாக நடுங்கியது, உடம்பு ஊதியது, ஆனால் குரல்கள் அடங்கின. ஜெராக்ஸ் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கடைக்கு வந்தவர்கள் யாருக்கும் என்னைப் பார்த்து எதுவும் தோன்றியதில்லை.

பிறகு வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்ததும் அதிகாரிகள் வந்து, காலி செய்ய வேண்டிய வீடு என்று நம் சுவரில் எண் எழுதினார்கள். லாரியில் சாமான்களோடு சாமானாக ஏறி, தாம்பரத்துக்குக் கிழக்கே சதுப்பு நிலம் தாண்டி இருக்கும் இந்தக் குடியிருப்புக்கு வந்து இறங்கினோம். சிமெண்ட் கூரை, உள்ளேயே பாத்ரூம், உன் பெயரில் வீடு. நீ குழாயைத் திறந்து திறந்து மூடினாய். எனக்கு வேறு கவலை. "ஆஸ்பத்திரிக்கு எப்படிக்கா போறது?" என்றேன். "அது எங்கியும் ஓடிடல, அங்கயேதான் கீது" என்றாய். உண்மைதான். ஆஸ்பத்திரி அங்கேயேதான் இருந்தது.

இங்கிருந்து தாம்பரத்துக்கு ஒரு பஸ், தாம்பரத்தில் மின்சார ரயில், இறங்கி இன்னொரு பஸ். மாத்திரைக்கு மூன்று வண்டி. பதினோரு மணிக்கு மேல் சீட்டுத் தர மாட்டார்கள் என்பதால் விடிகிற நேரத்தில் கிளம்பினால்தான் உண்டு. பாத்திரம் தேய்த்த பழைய வீடுகளை எல்லாம் விட்டுவிட்டு சிட்லபாக்கத்தில் அப்போதுதான் நாலு வீடு பிடித்திருந்தாய். மாதம் ஒரு நாள் முழுசாக லீவு கேட்டால் எந்த வீட்டில் சும்மா இருப்பார்கள்? முதல் வருடம் ஒழுங்காகப் போனோம். அடுத்த வருடம் ஒரு மாதம் தவறியது. அப்புறம் இரண்டு மாதம். மாத்திரையை அரிவாள்மனையில் பாதியாக நறுக்கி என் உள்ளங்கையில் வைத்து, "பாதி போட்டாலும் கேக்கும்டி" என்றாய். மாத்திரை கேட்கவில்லை. குரல்கள்தான் கேட்டன.

மொட்டைமாடியில் நான் நின்ற அந்த நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நான் காற்றுக்காகத்தான் போனேன் அக்கா. சுவரோரம் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை, அது வேறு விஷயம். நீ பின்னால் இருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். மறுநாள் காலை நீ வேலைக்குப் போகும்போது வெளியே நாதாங்கி விழும் சத்தமும் பூட்டு கிளிக்கென்ற சத்தமும் கேட்டது. "நான் வர வரைக்கும்தான்டி" என்றாய், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று.

நாலு வருடம்.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று தேசம்மா அக்கா ஒரு நாள் கேட்டாள். இருக்கிறது. நடைவழி ஜன்னல் வழியாக நாலு வருடம் நான் பார்த்தது எதிர் வீட்டுக் கதவையும் அதன் மேல் இருந்த மின்சார மீட்டரையும்தான். அதில் சுற்றும் எண்களை நாள் முழுக்கப் படிப்பேன். நமக்கு இருந்த ஒரே ஃபோனும் உன்னோடு போய்விடும். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒருமுறை கேட்டேன். நீ அடுப்பின் கேஸை மூடிவிட்டுப் போனாய். அன்று முதல் மதியம் பழைய சோறுதான். என்னைக் காப்பாற்ற உனக்கு வேறு வழி இருந்ததா? தெரியவில்லை. இருந்திருக்கலாம் என்று இப்போது தெரிய வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன், ஆனால் முதலில் அந்த மதியத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ அங்கே இல்லையே.

தேசம்மா அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தாள். கூடை இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"கலா, இங்க வா. குந்து மொதல்ல."

"என்னக்கா?"

"அக்கா பூட்டாடி."

"ஆமாக்கா, காலையிலயே பூட்டிட்டுப் போயிட்டா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அய்யோ, அது இல்லடி. ராணி செத்துப் பூட்டா. சிட்லபாக்கத்துல, அந்த வாத்தியாரம்மா வூட்டாண்ட. துணி தோச்சிகினு இருந்தவ அப்டியே சாஞ்சிட்டாளாம். நான் அதே தெருவுலதான் மீன் வித்துகினு இருந்தேன், ஓடிப் போய்ப் பாத்தேன். நெஞ்சு வலின்றாங்க."

நான் கதவை இழுத்தேன். பூட்டியிருந்தது. சாவி உன் சுருக்குப்பையில், நீயோ ஆஸ்பத்திரியில். மூன்றாவது மாடியில் இருக்கும் வெல்டர் சுத்தியலோடு ஏறி வந்தார். நாதாங்கியை அடிக்க அடிக்கக் கதவு என் முதுகில் அதிர்ந்தது. கதவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். "தள்ளிக்கோம்மா" என்று அவர் கத்தினார். தள்ளிக்கொள்ள உடம்பு வரவில்லை. நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கியிருந்தாய் அக்கா. உடையவே இல்லை. கடைசியில் மரத்தோடு பெயர்த்துதான் எடுத்தார்கள்.

காரியம் முடிந்ததும், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன நம் சேகர் அண்ணன் என்னைச் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அழைத்துப் போனார். அண்ணன் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, இரண்டு பெண் குழந்தைகள், ஒரு ஹாலும் பின்னால் ஒரு சின்ன அறையும். அண்ணி எனக்குத் தட்டில் சோறு போட்டு வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். குழந்தைகளைப் பின் அறையில் வைத்துத் தாழ் போட்டுக்கொள்வாள். இப்போது தாழ் போட்டுக்கொண்டது அவர்கள். அதுவும் எனக்காகத்தான்.

மாத்திரை ஒன்பது நாளுக்கு இருந்தது. ஐந்து நாள் ஆனபோது அண்ணனிடம் சொன்னேன். அவர் சட்டைப் பட்டனைப் போட்டபடியே பேசினார்.

"சிட்டி வரைக்கும் உன்னக் கூட்டிகினு போய் வர ஒரு நாள் ஆவும் கலா. கான்ட்ராக்ட் வேல, ஒரு நாள் நின்னா பேரை அடிச்சிடுவான். இங்க ஒரு ஹோம் கீதாம். சாப்பாடு, மாத்திர எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம்."

"வெளிய விடுவாங்களாண்ணா?"

அவர் அடுத்த பட்டனைப் போட்டார்.

"நான் தனியா போய் வாங்கிட்டு வரேன்."

"நீயா?" என்றார். கிண்டல் இல்லை. பயந்துபோய்க் கேட்டார்.

மறுநாள் காலை ஏறினேன். சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ரயில் என்பதால் ஒரு பஸ் மிச்சம். லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூடுவாஞ்சேரி வரை நன்றாகத்தான் இருந்தேன். வண்டலூரில் கூட்டம் ஏறியது. எல்லாரும் என்னைப் பற்றியே பேசுவதாகப் பட்டது. 'இறங்கு, இறங்கு' என்று குரல் ஆரம்பித்தது. தாம்பரத்தில் இறங்கிவிட்டேன். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். எத்தனை ரயில் போனது என்று எண்ணவில்லை. நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்தேன். "வாடி, பஸ்ஸு போயிடும்" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பாய், அவ்வளவுதான். அதைத் தவிர நீ எனக்கு எந்த ஆறுதலும் சொன்னதில்லை. அடுத்த ரயில் வந்தது. ஏறினேன்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது கவுண்ட்டர் மூடப் போகிற நேரம். "நாளைக்கு வாம்மா" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். "நாளைக்கு வர என்னால முடியாது சார். இன்னிக்கே எப்படி வந்தேன்னு எனக்குத்தான் தெரியும்" என்றேன். அவர் என் ஆஸ்பத்திரி நோட்டை வாங்கிப் புரட்டினார். "கூட வர்ற அக்கா எங்க?" என்று கேட்டார். சொன்னேன். சீட்டு எழுதித் தந்தார்.

உள்ளே புது டாக்டர், சின்ன வயசுப் பெண். எல்லாம் கேட்டுவிட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த நம் வீட்டு முகவரியைப் பார்த்தாள்.

"இவ்ளோ தூரத்துல இருந்தா வர்றீங்க? உங்க பக்கத்துல கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியிலயே செவ்வாய்க்கிழமை மனநல டாக்டர் வர்றாங்களே. மாத்திரையும் அங்கயே தருவாங்க. யாரும் சொல்லலையா?"

"எப்பலேர்ந்து மேடம்?"

"ஆச்சு, மூணு வருஷம் இருக்கும்."

மூன்று வருடம் அக்கா. நாம் இருக்கும் இடத்தில் இருந்து ஒரே பஸ், நாலு ஸ்டாப். நீ லீவு கேட்டுத் தலை குனிந்து நின்றதெல்லாம், மாத்திரையைப் பாதியாக நறுக்கியதெல்லாம், பூட்டு, எல்லாமே அந்த மூன்று வருடத்துக்குள்ளும்தான் நடந்துகொண்டிருந்தது. யார் மேல் கோபப்படுவது? சுவரில் எண் எழுதத் தெரிந்தவர்கள் ஆறாவது மாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கக் கூடாதா? நான் அந்த அறையிலேயே அழுதேன். டாக்டர் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அளவைக் கேட்டாள்.

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்கே போகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பெயர்ந்து கிடந்த கதவைத் தச்சரை வைத்துச் சரிசெய்துவிட்டு, உள்பக்கம் மட்டும் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

எல்லாம் நல்லபடியாக ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. செவ்வாய்க்கிழமை போனால் சில வாரம் டாக்டர் வருவதில்லை. மூன்று மாத்திரையில் ஒன்று அங்கே கிடைப்பதில்லை, அதற்கு இன்னமும் சிட்டிக்குத்தான். வீடு உன் பெயரில் இருக்கிறது. என் பெயருக்கு மாற்றக் கேட்டால், 'உங்களுக்கு மென்டல் ட்ரீட்மென்ட் நடக்குதாமே' என்கிறார் குடியிருப்பு அலுவலகத்தில் ஒருவர். எந்த நாள் வெளியே போ என்பார்களோ தெரியாது. கதவு திறந்துதான் இருக்கிறது அக்கா, ஆனாலும் சில நாள் சாயங்காலம் வரை அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று. நாலாவது மாடியில் விஜயா என்று ஒரு பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். மாடி இறங்கும்போதெல்லாம் அந்த வீட்டுக்குள் இருந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் குரல் வரும். வெளியே பூட்டு. ஒரு மாலை அவள் அம்மா வேலை முடிந்து வரும் வரை படியில் காத்திருந்தேன்.

"உனுக்கு இன்னாம்மா வோணும்?"

"உங்க பொண்ணைப் பத்தி…"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. நீ போ."

"நான் ஆறாவது மாடிக்கா. நானும் நாலு வருஷம் பூட்டின வீட்டுல இருந்தவதான்."

சாவியை வைத்திருந்த அவள் கை அப்படியே நின்றது. மெதுவாகக் கேட்டாள். "சிட்டிக்குல்ல போவணும்? நான் எப்டி லீவு போடறது? ரெண்டு வூட்டுல ஏற்கெனவே நிறுத்திட்டாங்க."

"சிட்டிக்கு வேணாம்க்கா. நாலு ஸ்டாப்தான், செவ்வாய்க்கிழமை. நீங்க லீவு போட வேணாம், நான் கூட்டிட்டுப் போறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பைத்தியத்தைப் பைத்தியத்தோடு அனுப்புவதா என்று நினைத்திருப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். "பாக்கலாம்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு செவ்வாய்க்கிழமை போய் நின்றேன், கதவு திறக்கவில்லை. மூன்றாவது வாரம் அம்மா வேலைக்குப் போன பிறகு ஜன்னலில் விஜயா வந்து நின்றாள். சிக்குப் பிடித்த தலை. என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

"ஊசி போடுவாங்களா?" என்றாள்.

"சில பேருக்குப் போடுவாங்க. எனக்குப் போட்டதில்ல. மாத்திரைதான்."

"நீ அங்கயே இருப்பியா? விட்டுட்டுப் பூட மாட்டியே?"

நீயாக இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாய் அக்கா? நான் "மாட்டேன்" என்றேன். அதை அவள் அம்மாவிடமும் சொல்ல வேண்டும், நம்ப வைக்க வேண்டும். எத்தனை வாரம் ஆகும் என்று தெரியவில்லை.

வருகிற செவ்வாய் காலை ஏழு மணிக்கு, அவள் அம்மா பூட்டைப் போடுவதற்கு முன்னால், நாலாவது மாடியில் நிற்பேன். திட்டினாலும் நிற்பேன். அதற்கு அடுத்த செவ்வாயும் நிற்பேன். எனக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் தேசம்மா அக்காவை நிற்கச் சொல்லியிருக்கிறேன், அவளும் சரி என்றிருக்கிறாள். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
கலா