கனகாம்பிகையின் பாக்குவெட்டியைக் கழுவாமல் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி துசியந்தி வாமதேவன்,
பிளேஸ்டோ, கிழக்கு இலண்டன்.

பெறுநர்:
சேகரிப்புப் பொறுப்பதிகாரி அவர்கள்,
வில்லோ மவுண்ட் அருங்காட்சியகம்,
வடமேற்கு இலண்டன்.

பொருள்: என் தாயார் அமரர் கனகாம்பிகை ஸ்ரீஸ்கந்தராஜா விட்டுச்சென்றதும், தங்களால் 'துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அச்சு' என இனங்காணப்பட்டதுமான இரும்புப் பொருளைச் சுத்தம் செய்யாது திருப்பித் தரல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

எந்த மொழியிலும் எழுதலாம் என்று தங்கள் கடிதத்தின் அடியில் அச்சிட்டிருப்பதை நம்பித் தமிழில் எழுதுகிறேன். முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். வெறும் கோபமாகவே வந்தது. தங்கள் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

1. அம்மா காலமான பின் மேற்படி பொருள் எனக்கு வந்தது. என் சமையலறை மேசையின் இழுப்பு லாச்சியில் வைத்திருந்தேன். கடந்த ஆவணியில் தாங்கள் பழைய பொருட்களை இனங்கண்டு சொல்லும் நாள் ஒன்றை நடத்தினீர்கள். ஹரோவில் வசிக்கும் என் தம்பி றஜீவன், எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த இடத்தில் அதை எனக்குச் சொல்லாமல் எடுத்துச் சென்று தங்களிடம் காட்டியுள்ளார். ஆராயவும் சுத்தம் செய்யவும் சம்மதித்துக் கையெழுத்தும் வைத்துள்ளார். அம்மாவின் திவசத்துக்குப் பளபளவென்று கொண்டுவந்து அக்காவைச் சந்தோஷப்படுத்த நினைத்தாராம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அவரைத் தாங்கள் குறை நினைக்க வேண்டாம். நான் நினைத்து முடித்துவிட்டேன்.

2. தங்கள் கடிதத்தை றஜீவன் என்னிடம் தந்தார். அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது என்றும், ஈயத்தை உருக்கி ஊற்றிக் குண்டு வார்க்கும் அச்சு என்றும், உருண்டைக் குழியும் கூம்புக் குழியும் ஒன்றாக இருப்பது அபூர்வம் என்றும், எந்தத் துப்பாக்கிக்குரியது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். வாசித்தவுடன் சிரித்தேன். பிறகு அழுதேன். குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த ஒரு பெண், இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குண்டு அச்சை மடியில் வைத்துக்கொண்டு பாக்குச் சீவியிருக்கிறார்.

3. இது நேர்ந்த விதம் பின்வருமாறு. அம்மா இலண்டனுக்கு வந்த வழியில், விமான நிலையப் பரிசோதனையில் அவருடைய பாக்குவெட்டியை எடுத்துவிட்டார்கள். வெற்றிலை இல்லாமல் அவருக்குச் சோறு செமிக்காது. நாங்கள் அப்போது ஹவுன்ஸ்லோவில் இருந்தோம். விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை செய்த என் தந்தையார், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரின் பின்பெட்டியில் பழைய சாமான் கொண்டுவந்து விற்கும் கார் பூட் சந்தையில், இரும்புச் சாமான் குவியலுக்குள் இதைக் கண்டார். இரண்டு பிடி, நடுவில் ஆணி, பிடிகளுக்கிடையில் வெட்டும் விளிம்பு. மிஞ்சிய ஈயத்தை நறுக்குவதற்கான விளிம்பு அது என்று தங்கள் கடிதம் சொல்கிறது. வெள்ளைக்காரன் நாட்டில் பாக்குவெட்டி கண்டெடுத்துவிட்ட பெருமையோடு சப்பாத்தையும் கழற்றாமல் அவர் வீட்டுக்குள் ஓடிவந்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லது என்றார்.

4. அது ஒழுங்காக வெட்டவில்லை. பாக்கு தெறித்துத் தொலைக்காட்சிக்குப் பின்னால் போகும். நாங்கள் தவழ்ந்து தேடுவோம். அப்பா இறந்த பின் யாழ்ப்பாணத்திலிருந்து நல்ல பாக்குவெட்டி ஒன்றை நான் வாங்கிவந்து கொடுத்தேன். அம்மா அதைத் தொடவில்லை. அவர் சொன்னதை உள்ளபடியே தருகிறேன்: "இது பாக்குவெட்டி இல்லையெண்டு எனக்கு முதல் நாளே தெரியும் பிள்ளை. அந்த மனுசன் எவ்வளவு சந்தோசமாக் கொண்டுவந்தது. இது வெட்டாட்டியும் இதுதான் எனக்கு." அப்பாவுக்கு அவர் இதைக் கடைசிவரை சொல்லவேயில்லை.

5. உருண்டைக் குழியில் வெள்ளைப் படிவும், கூம்புக் குழியில் வாசனை எண்ணெயும், விளிம்பில் செம்மண்ணிறக் கறையும் இருப்பதாகவும், அவை என்னவென்று குடும்பத்தாருக்குத் தெரியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தெரியும். உருண்டைக் குழி அம்மாவின் சுண்ணாம்புக் கிண்ணம். கூம்புக் குழியில் எப்போதும் ஒரு கராம்பு இருக்கும். அதன் அளவுக்கே செய்தது போல. விளிம்பில் இருப்பது பாக்கின் கயர்க் கறையும் அவர் விரலில் ஒட்டியிருந்த வெற்றிலைச் சாறும். இம்மாத இறுதியில் மருந்து போட்டு அகற்றவிருப்பதாகத் தாங்கள் குறிப்பிட்ட அழுக்கு இவைதான்.

6. எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து வந்ததும் லாச்சியைத் திறந்து அந்தப் பிடிகளை விரிப்பேன். கராம்பும் சுண்ணாம்பும் கலந்த மணம் வரும். அம்மா என்னைக் கிட்ட இழுத்து நெற்றியில் கொஞ்சும்போது வருகிற மணம் அது. அவருடைய சேலைகளை உறவினர் தோய்த்து மடித்துத் தந்துவிட்டார்கள். முகம் படத்தில் இருக்கிறது, குரல் தொலைபேசியில் இருக்கிறது. மணத்தைப் பதிந்து வைக்க ஒரு கருவியும் இல்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது. இந்த வயதிலும் அம்மா வேண்டும் போலிருக்கிறது என்பதை ஓர் அலுவலகக் கடிதத்தில் எழுதலாமோ தெரியாது. எழுதிவிட்டேன்.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து:

அ) மேற்படி பொருளைக் கழுவவோ, உரசவோ, மருந்திடவோ வேண்டாம் என உடனே உத்தரவிட வேண்டும். றஜீவன் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறும் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது.

ஆ) அடுத்த மாத முதல் வாரத்தில் வரும் அம்மாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு முன் அதை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். படையலில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைக்க அதுதான் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பாக்குவெட்டி புதிதாகவே இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு அது அந்நியம்.

இ) அபூர்வமான பொருள் என்றால், என் காலத்துக்குப் பின் தாங்களே கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். குண்டு அச்சு என்றே எழுதுங்கள். அதன் கீழ், ஒருவர் பாக்குவெட்டி என்று நம்பிக் கொடுத்தார், மற்றவர் அப்படியே வைத்துக்கொண்டார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கடைசியாக ஒன்று. என் கைக்கு வந்து சேரும்வரை அதன் பிடிகளை மூடியே வைத்திருக்குமாறு தங்கள் அலுவலர்களிடம் சொல்லுங்கள். திறந்து திறந்து பார்த்தால் மணம் போய்விடும்.

தங்கள் நல்ல மனதை நம்பியிருக்கும்,

(ஒப்பம்)
துசியந்தி வாமதேவன்

இடம்: பிளேஸ்டோ, இலண்டன்
திகதி: 14.10.2024