பொம்பிளையின்ர தகப்பன்

இஞ்சேருங்கோ,

நான் லண்டன் செவன் கிங்ஸில தம்பி வீட்டிலதான் நிக்கிறன். எங்கட சாம்பவிக்கும் பவித்திரனுக்கும் நேற்றுக் கலியாணம் நல்லபடியா முடிஞ்சுது. பொம்பிளையின்ர தகப்பன் எங்க எண்டு கேட்ட ஆக்களுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னன்.

போன மாதம் பிள்ளை எங்கள் ரெண்டு பேரையும் ஒரு பழைய ஜப்பான் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள். அதில வாற தகப்பனும் மகள் விரும்பின பெடியனை வேண்டாம் எண்டுதான் நிண்டவர். அந்த வீட்டில ஒருத்தரும் சத்தம் போடேல்லை. அவற்ற மனிசி தேத்தண்ணியை வைச்சுப்போட்டு, "கலியாணத்துக்கு எந்தக் கோட் போடப்போறீங்கள்?" எண்டு மட்டும் கேட்டா. நீங்கள் கண்ணில தண்ணி வரச் சிரிச்சனீங்கள். "விசரன், கடைசியில போகத்தானே போறான்" எண்டு சொன்னதும் நீங்கள்தான்.

பஸ்ஸுக்கு நிக்கேக்க பிள்ளை கேட்டாள், "அப்ப நீங்களும் வருவீங்கள்தானே, அப்பா?"

"அது படம். பவித்திரன்ர ஆக்கள் என்ன சாதி எண்டு ஊருக்கே தெரியும்" எண்டு சொன்னீங்கள்.

முந்தநாள் உங்கட கோட்டை அயன் பண்ணிக் கதவில கொழுவினன். நேற்றுக் காலமை அதைப் பார்த்துப்போட்டு நீங்கள் ரீவியைப் போட்டீங்கள். நான் தனிய ரெயின் ஏறினன். தாரை வார்க்கேக்க உங்கட இடத்தில தம்பி நிண்டான்.

பின்னேரம் நீங்கள் எனக்குப் போன் எடுக்க, தன்னோட கதைக்கத்தான் எண்டு நினைச்சுப் பிள்ளை சீலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள். நீங்கள் பிரஷர் குளிசை எங்க எண்டு கேட்டீங்கள்.

குளிசை அடுப்படி லாச்சியில இருக்கு. சாப்பிட்ட பிறகு போடுங்கோ. நான் எப்ப வாறன் எண்டு நீங்கள் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.

பிள்ளையின்ர அம்மா