பிஷப்புக்குத் தெரிந்த முகம்

செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் 9

அன்புள்ள பிரைடிக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், தெல்மா ட்ரெலோரின் இடது காதைத் தவிர. இந்தக் கடிதமே அந்தக் காதைப் பற்றித்தான்.

உன் மேக்பைப் பறவை பிஷப் அவளைக் கொத்திவிட்டது. சமையலறை ஜன்னலிலிருந்து நானே பார்த்தேன். மூலை யூகலிப்டஸ் மரத்திலிருந்து யாரோ கல்லை விட்டெறிந்த மாதிரி இறங்கியது. காலில் நீ மாட்டிவிட்ட சிவப்பு வெள்ளை வளையம் பளிச்சென்று தெரிந்தது. அலகு டக்கென்று மூடிய சத்தம் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. எனக்குக் கை தட்டத் தோன்றியது. கையில் மாவு இருந்ததால் தட்டவில்லை.

கூட்டில் குஞ்சு இருக்கும் மாதத்தில் மேக்பை பாய்வது ஒன்றும் புதிதில்லை. ஊரே ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துத் தலையில் மாட்டி, பார்க்கிற கண்ணுக்கு அது பயப்படும் என்று பின்பக்கம் இரண்டு கண் வரைந்துகொண்டு நடக்கிறது. தபால்காரன் டாரில் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் முள்ளைக் கட்டிக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரி வருகிறான். ஆனால் நம் பிஷப் டாரிலைத் தொடுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தொடுவதில்லை. என் வேலியில் உட்கார்ந்து, கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துமாக, காலைப் பூசை மாதிரி பாடிவிட்டுப் போகும். அது பாய்வது தெல்மா ஒருத்தியின் மேல்தான். போன வருஷமும் அவள்தான், இந்த வருஷமும் அவள்தான்.

ஏன் என்று கோயிலிலும் சொன்னேன், கறிக்கடையிலும் சொன்னேன். பறவைக்கு ஆளைத் தெரிகிறது, அவ்வளவுதான். 1987-ஆம் வருஷக் கண்காட்சியின் கேக் போட்டியில் நடுவராக வந்து என் ஸ்பாஞ்ச் கேக்கை விரலால் அமுக்கிப் பார்த்து, அட்டையில் “சற்று வறட்சி” என்று எழுதி வைத்தவள் அவள். முதல் பரிசு அவளுடைய சித்தி மகளுக்குப் போனது. அந்தக் கேக்கை நீ பார்த்திருக்க வேண்டும், பிரைடி. வறட்சியாம்!

சரி, கெட்ட செய்திக்கு வருகிறேன். தெல்மா நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டாள். நேற்று லாக்லன் வந்தான். விலங்குகளைக் கவனிக்கும் அதிகாரி, மரியாதையான பையன்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கோங்க மிசஸ் ஹெஃபர்னன், ரத்தம் வந்துடுச்சுன்னா எங்களால சும்மா இருக்க முடியாது. இந்த வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளி, காலையில வந்து சுட்டுடுவோம். அனுமதி கெடச்சாச்சு” என்றான். வேறு ஊரில் கொண்டுபோய் விடக்கூடாதா என்று கேட்டேன். “எங்க விட்டாலும் திரும்பி வந்துடும். அதுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே” என்றான்.

நீ போன கிறிஸ்துமஸுக்கு என் மேசையில் உட்கார்ந்து சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. எதிரியின் முகத்தை மறந்த பறவையின் குஞ்சு போய்விடும், மறக்காத பறவையின் குஞ்சு பிழைக்கும், அந்தக் குஞ்சுக்கும் அதே ஞாபகம் வரும், இப்படியே எத்தனையோ ஆயிரம் வருஷமாக மறக்காதவர்களின் வம்சமாகவே வந்து சேர்ந்திருக்கிறது என்றாய். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் அன்று நீ சொன்னதில் ஒன்று விடாமல் புரிந்தது. இந்த ஊரில் நீ வளையம் மாட்டிய குடும்பங்களில் அப்பன் யார், பிள்ளை யார் என்று முழுசாகத் தெரிந்தது பிஷப் குடும்பம் ஒன்றுதான். அது போனால் உன் மூன்று வருஷ ஆராய்ச்சிப் படிப்பும் போகும் என்பதும் புரிகிறது.

உன் அம்மாவிடம் சொன்னேன். “போகட்டுமேம்மா. இனிமேயாவது ஒரு பேங்க் வேலையில உக்காருவா” என்றாள். மனதில் குறித்துக்கொண்டேன்.

இந்தக் கடிதம் பெர்த்துக்கு வந்து சேர்ந்ததும் உடனே போன் பண்ணு. என்ன செய்யவேண்டும் என்று சொல், செய்கிறேன். துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்கச் சொன்னாலும் நிற்பேன். எனக்கு என்ன போகிறது.

ஆண்டவர் துணை.

உன் பாட்டி
நோலா

சனிக்கிழமை, செப்டம்பர் 20

என் கண்ணே பிரைடி,

நேற்றுப் போனில் உன் அம்மா குறுக்கே குறுக்கே பேசி எதையும் முழுசாகச் சொல்லவிடவில்லை. நடந்ததை வரிசையாக எழுது, உன் அபிப்பிராயம் வேண்டாம் என்றாய். வரிசையாக எழுதுகிறேன். அபிப்பிராயம் நடுவில் வந்தால் நீயே அடித்துவிடு.

முதல் போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அது எனக்குச் சுலபம். செம்மறி ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் முப்பது ஆளுக்குச் சமைத்தவள் நான். மாவையும் அடுப்பையும் ஒரே நாளில் மாற்றினால் எது கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்? இரண்டாவது, தெல்மாவே கூட வர வேண்டும். அதற்குத்தான் ஒரு இரவு முழுக்கத் தூக்கம் போனது.

அவள் வாசலில் நான் கடைசியாக நின்றபோது உன் அம்மா பள்ளிச் சீருடையில் இருந்தாள். கதவைத் திறந்தவள் காதில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக நின்றாள்.

“என்ன நோலா, காதைப் பாத்துட்டுச் சிரிக்க வந்தியா?”

“சிரிச்சு முடிச்சுட்டுத்தான் வந்தேன். இது வேற விஷயம்.”

உள்ளே கூப்பிட்டாள். டீ கொடுத்தாள், பிஸ்கட் கொடுக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். “உன் பேத்தி செத்த பறவையை வச்சுப் படிக்கக் கூடாதா?” என்றாள். எழுந்து வந்துவிடலாம் என்றிருந்தது. உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாய்வது எப்போது ஆரம்பித்தது என்று நீ கேட்கச் சொன்னபடியே கேட்டேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “போன வருஷம். அந்த மரத்தடியில ஒரு குஞ்சு விழுந்து கெடந்துச்சு. பூனை வேற சுத்திக்கிட்டிருந்துச்சு. நான்தான் ஏணியைத் தூக்கிட்டுப் போயி கிளை இடுக்குல வச்சேன். இந்த முட்டியோட! ஏணியில நிக்கும்போதே தாயும் தகப்பனும் தலையில டமடமன்னு இடிச்சுதுங்க. அன்னையிலேர்ந்து இதுதான். காப்பாத்துனவளுக்கு இந்த மரியாதை. நீ என்னடான்னா கறிக்கடையில நின்னுக்கிட்டு, நான் கல்லெறிஞ்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறே.”

கல்லெறிந்தாள் என்று நான் சொல்லவே இல்லை. எறிந்திருப்பாள் என்றுதான் சொன்னேன். இருக்கட்டும்.

அந்தக் குஞ்சு எது தெரியுமா? போன வருஷம் அந்தக் கூட்டில் இருந்த ஒரே குஞ்சு, உன் மஞ்சள் வளையம்! இந்த வருஷம் அப்பனோடு சேர்ந்து தெல்மாவைப் பார்த்து அலகைத் தட்டுகிறதே, அதே சாம்பல் கழுத்துப் பொடிசு! யார் கையால் உயிர் பிழைத்ததோ அவளையே துரத்துகிறது. இதைச் சொன்னதும் தெல்மா, “உங்க வீட்டுப் பறவைதானே, அப்படித்தான் இருக்கும்” என்றாள்.

புதன்கிழமை காலை ஆரம்பித்தோம். அவளுடைய ஊதா ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி, என் மழைக்கோட்டைப் போட்டுவிட்டேன். தலையில் எப்போதும் போல அவள் டப்பா. மற்றவர்கள் டப்பாவில் இரண்டு பொட்டு கண்தான் இருக்கும். அவளுடையதில் அவள் பேரன் பெரிய வட்டக் கண், கறுத்த புருவம், பல்லெல்லாம் தெரிகிற சிவப்பு வாய் என்று வரைந்து வைத்திருக்கிறான். போன வருஷம் வாங்கியதிலிருந்து அது இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள். மரத்தடிக்குப் போனாள். டமார்! ஆக, காரணம் ஸ்வெட்டர் இல்லை.

அடுத்து டப்பாவைக் கழற்று என்றேன். “என் மண்டை என்ன உனக்குப் பரிசோதனைக்கூடமா? நீ மாட்டிக்கிட்டுப் போ, பாப்போம்” என்றாள். சவால் விட்டால் நான் சும்மா இருப்பேனா? பிஷப் என்னை என்ன செய்யும்? குஞ்சாக இருந்த நாளிலிருந்து என் வேலியில் பாடுகிற பறவை. என் நடையே அதற்குத் தெரியும். என் உடுப்பு, என் செருப்பு, எல்லாம் என்னுடையது. டப்பா மட்டும் அவளுடையது. மாட்டிக்கொண்டு நடந்தேன்.

பிரைடி, மரத்தைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் பின்மண்டையில் சுத்தியலால் அடித்த மாதிரி விழுந்தது! டப்பா எகிறிப்போய்ச் சாலையில் உருண்டது. நான் முழங்காலில் விழுந்து உட்கார்ந்துவிட்டேன். மறுபடி இறங்கிய பிஷப் என் பக்கமே வரவில்லை. உருண்டுபோன டப்பாவை நேராகப் போய்க் கொத்தியது. மஞ்சள் வளையமும் வந்து சேர்ந்துகொண்டது. அப்பனும் பிள்ளையும் அந்தச் சிவப்பு வாயை மாற்றி மாற்றிக் கொத்துகிறார்கள், வெறுந்தலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

“தெல்மா! ஏணியில ஏறுன அன்னைக்குத் தலையில என்ன இருந்துச்சு?” என்று கத்தினேன்.

“இந்த டப்பாதான். அன்னைக்குத்தான் முதல்முதலா...” என்றவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

புரிகிறதா? பிஷப்புக்குத் தெரிந்த முகம் தெல்மாவின் முகமே இல்லை. ஏணியில் ஏறிக் குஞ்சைத் தூக்கியது, அதன் கணக்கில், அந்தப் பல்லிளிக்கும் முகம். பாவி மகள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதே முகத்தை மறுபடி மறுபடி மாட்டிக்கொண்டு அதன் முன்னாலேயே நடந்திருக்கிறாள்! பறவைக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இதை நீ அடித்துவிடலாம்.

உனக்கு அன்றே போன் பண்ணினேன். நீ போட்ட கூச்சலில் காதுக் கருவியைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஆனால் கூச்சலுக்கு நடுவிலும் சரியாகச் சொன்னாய். தெல்மா வெறுந்தலையோடு நடந்து, அது சும்மா இருந்தால்தான் பாதியாவது நிரூபணம் என்று. அவள் மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வியாழன் முழுக்கத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லாக்லன் வண்டியை மரத்தடியில் நிறுத்தி, துப்பாக்கி உறையைக் கழற்றினான். டாரில் சைக்கிளை நிறுத்திவிட்டான். உன் அம்மாவும் வந்து வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டப்பா கதையை லாக்லனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “நம்புறேன் மிசஸ் ஹெஃபர்னன். ஆனா புகார் கொடுத்தவங்க வாபஸ் வாங்கணுமே” என்றான். மரத்தில் கூட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்துவது கேட்கிறது. பிஷப் வாயில் புழுவோடு வந்து உட்கார்ந்தது.

அப்போது தெல்மா வீட்டுக் கதவு திறந்தது. ஊதா ஸ்வெட்டர். வெறுந்தலை. வெள்ளை முடியை வாரிப் பின்னியிருந்தாள். காதில் பிளாஸ்திரி. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

“நோலா, கூட வா” என்றாள். “ஒட்டாம வா. ஆனா கூட வா.”

சாலையின் மறு ஓரத்தில் அவளுக்குச் சமமாக நடந்தேன். மரத்தடிக்கு வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு ஜெபம் சொன்னது. பிஷப் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. புழுவைக் குஞ்சுக்கு ஊட்டியது. அலகைக் கிளையில் துடைத்தது. பிறகு, பிரைடி, நெஞ்சை உப்பிக்கொண்டு பாட ஆரம்பித்தது!

டாரில் சைக்கிள் மணியை அடித்தே உடைத்துவிட்டான். லாக்லன் துப்பாக்கியை உறைக்குள் போட்டான். தெல்மா கண்ணைத் திறந்து, “தாண்டிட்டேனா?” என்று கேட்டாள். “தாண்டிட்டே, முண்டம். மரம் உனக்குப் பின்னால இருக்கு” என்றேன். உடனே லாக்லனிடம் திரும்பி, “என் புகாரைக் கிழிச்சுப் போடு தம்பி. பறவைக்கு என்னை ஒண்ணும் தெரியாது. நாங்க இன்னும் அறிமுகமே ஆகலை” என்றாள். அது நல்ல பேச்சு என்று ஒத்துக்கொள்கிறேன். அவளை மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு.

இப்போது முக்கியமானது. மஞ்சள் வளையத்துக்கு அந்த முகம் எப்படித் தெரிந்தது? குஞ்சாக இருந்தபோது தானே பார்த்ததா, அப்பன் காட்டிக் கொடுத்ததா? நேற்று நீ மூச்சுவிடாமல் கேட்ட கேள்வி இதுதான். இங்கே ஒரு வழி இருக்கிறது. இந்த வருஷக் குஞ்சுகள் ஏணியைப் பார்த்ததில்லை. அவை அந்த டப்பாவைப் பார்த்ததும் அலகைத் தட்டினால், கோபம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது என்றுதானே அர்த்தம்? டப்பாவைத் துணியில் சுற்றி என் கொட்டகையில் பூட்டியிருக்கிறேன். கூட்டிலிருந்து எவ்வளவு பார்த்திருக்குமோ தெரியாது, இனிமேல் நீ வருமுன் யாரும் காட்டக் கூடாது. தெல்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். “நானா காட்டப் போறேன்? எனக்கும் தெரிஞ்சாகணும்” என்கிறாள். இன்று காலையிலும் வெறுந்தலையோடு வந்து மரத்தடியில் நின்றாள், நானும் போய் நின்றேன். குஞ்சுகள் இறக்கையை அடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டன.

உன் அம்மா நேற்று உன் போன் முடிந்ததும் வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் போன் பண்ணி, “பிரைடி எப்பம்மா வர்றா? டிக்கெட்டுக்கு நான் தர்றேன்” என்றாள். பேங்க் பேச்சு வரவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஆகவே கிளம்பி வா. குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்குவதற்குள் வா. உன் வாத்தியாரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், பாட்டி விழுந்துவிட்டாள் என்று சொன்னாலும் பொய்யில்லை, முழங்காலில் விழுந்தேன்தானே. உன் கட்டிலில் புது விரிப்பு போட்டுவிட்டேன். அந்தக் குஞ்சுகள் யாருடைய ஞாபகத்தோடு பறக்கின்றன என்று உன் பக்கத்தில் நின்று நானும் பார்க்க வேண்டும். அடுத்த வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் எழுதிவிடாதே, கண்ணே.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் பாட்டி
நோலா ஹெஃபர்னன்