றோசலின் தள்ளச் சொன்ன சிவப்புக் கோடு

இயேசு மரி சூசை

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
22 தை 2006

அன்பு மகள் மெலனிக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் இங்கே எழும்பி நடமாடுகிறோம், நீயும் அந்த மலையடியில் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டுமென்று பூசைக்குப் பூசை கேட்டுக்கொள்கிறேன். இங்கே பொல்லாத குளிர், கதவைத் திறந்தால் மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்பா பனி வழிக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தவர், இப்போது எழும்பிப் பழையபடி புவாண்ட்-கிளேர் வேலைக்குப் போகிறார், பாரம் ஒன்றும் தூக்கவில்லை என்று எனக்குப் பொய் சொல்கிறார். என் முழங்காலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது அப்படியேதான். உன் கடிதம் கிடைத்தது. இதற்கு நான் போனில் பதில் சொன்னால் அம்மா போதும் என்று நீ வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் பூசையால் வந்த கையோடு குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். கோபம் வந்தாலும் முழுவதும் வாசி.

தீவில் அந்த எரிமலை வெடித்தால் எந்த இடம் அழியும், எந்த இடம் தப்பும் என்று நீங்கள் கீறிய வரைபடத்தை அச்சடிக்க முன்னர் மூன்று ஊரில் சனத்தைக் கூட்டி, சிவப்புக் கோட்டுக்குள் இருக்கிற இடங்களைச் சத்தமாக வாசித்து, ஆட்சேபம் இருந்தால் எழும்பிச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும் என எழுதியிருந்தாய். இரண்டு ஊரில் நீ வாசித்தாயிற்று, மூன்றாவது அந்தச் சுடுதண்ணீர்ப் பள்ளத்தாக்கில், அங்கே உன்னைக் கட்ட இருந்த றஜிந்தனின் விடுதி சிவப்புக்குள் கிடக்கிறது, அவன் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதுவரைக்கும் எனக்கு வாசிக்க வாசிக்க நெஞ்சு குளிர்ந்தது பிள்ளை. அதற்குப் பிறகு, மூன்றாவது ஊருக்கு நான் போகவில்லை, என்னோடு வேலை செய்யும் பெடியனை அனுப்பப் போகிறேன், அம்மா அந்தக் கோட்டை நான் கோவத்திலை போட்டிட்டனோ எண்டு எனக்கே பயமாக் கிடக்கு என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்துவிட்டு நான் நின்ற நிலையில் அடுப்பில் வைத்த கறி அடிப்பிடித்துப் போனது.

உன் கேள்விக்கு வருகிறேன், அதற்கு முதல் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். நத்தாருக்கு முந்தின கிழமை கோயில் மண்டபத்து நோட்டீஸ் பலகையில் ஒரு பெரிய படம் தொங்கியது. தென்னைமரம், நீலக்கடல், ஆவி பறக்கிற தொட்டிக்குள் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கழுத்துவரை இருந்து சிரிக்கிறாள். கனடாக் குளிருக்கு இயற்கையின் சுடுநீர்க் குளியல், நம்மவர் விடுதி, கோயில் ஆட்களுக்கு விசேட கழிவு, தொடர்புக்கு அஹுன்ட்சிக்கில் றோசலின் என்று போட்டிருந்தது, அவனுடைய தாயேதான். அந்தச் சுடுதண்ணீர் அங்கே இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னது யார்? நீ. கலியாணம் பேசியிருந்த காலத்தில் இரவிரவாகப் போனில் நீ ஆசையாசையாகச் சொன்ன கதையை வைத்துக்கொண்டு, பேந்து வேறொருத்தியைக் கட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்க் கடை விரித்திருக்கிறான். நான் சும்மா இருப்பேனா? நீங்கள் சனம் பார்க்கட்டும் என்று இன்டர்நெற்றில் போட்ட அதே வரைபடத்தை அப்பாவைக் கொண்டு எடுப்பித்து, மூலைக்கடை டெப்பனேரில் கலர் கொப்பி அடித்து, சுவாமியாரிடம் கேட்டுவிட்டுத்தான், அந்தக் குளிக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் குத்திவிட்டேன். கோவிக்காதே, ஒரு எழுத்துக்கூட நான் கூட்டி எழுதவில்லை. விடுதியின் பெயர் சிவப்புக்குள் அச்சொட்டாக விழுந்து கிடந்தது, அவ்வளவுதான். தை பிறக்க முதலே பயணம் போக இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. வருத்தமாக இருந்ததா என்று கேட்காதே. பூனை பால் குடித்த மாதிரி இருந்தேன்.

போன ஞாயிறு பின்னேரம் வாசலில் றோசலின் வந்து நிற்கிறாள், கையில் கேக் பெட்டி. நாலு வருடமாகப் பூசையில் என்னைக் கண்டால் தூணைப் பார்க்கிறவள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சிசிலியக்கா எப்பிடி சுகம் என்று உள்ளே வருகிறாள். அப்பா உடனே வாங்கோ வாங்கோ இருங்கோ என்று கதிரையை இழுத்துப் போட்டார், அவருக்கு யார் வந்தாலும் விருந்தாளிதான். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, அவளே கதைக்கட்டும் என்று இருந்தேன். குளிர், சாமான் விலை, ஆரோ செத்த வீடு எல்லாம் கதைத்து முடித்து, கடைசியில், அக்கா உங்கட மகளிட்டை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, அந்தச் சிவப்புக் கோட்டைக் கொஞ்சம் அங்கால தள்ளட்டாம், ஒரு விரற்கடை அளவு தள்ளினாப் போதும், எங்கட காணி வெளியிலை வந்திடும் என்றாள். நீலப் புள்ளியை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டுமாம். அந்தப் பள்ளத்தாக்கில் நிலத்துக்குக் கீழே ஆவி இருக்கிறது, துளை போட்டால் அதில் மின்சாரம் எடுக்கலாம் என்று நீங்கள் வைத்த புள்ளி, அது இருந்தால் காணிக்கு மதிப்பாம். புட்டு அவிக்கிற பானையில் ஆவி வர வேண்டும், அடியில் அடுப்பு எரியக்கூடாது என்கிற கதை! நான் கேட்டேன், ஏன் றோசலின், கோட்டைத் தள்ளினால் மலையும் தள்ளி நிக்குமோ? அப்பா எழும்பிப் போய் யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உனக்கு இதையெல்லாம் நினைப்பூட்டத் தேவையில்லை, ஆனாலும் எழுதினால்தான் என் வயிறு ஆறும். கலியாணத்துக்கு முதல் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு சுவாமியார் உன் பெயரையும் அவன் பெயரையும் வாசித்து, இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லவும் என்றார், ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். மூன்றாம் ஞாயிறு ரொறொன்ரோவால் மாமா குடும்பமும் வந்திருக்க, நான் அதற்கென்றே எடுத்த மாம்பழக்கலர்ச் சேலையை உடுத்து முன்வாங்கில் இருந்தேன். சுவாமியார் வேறு இரண்டு சோடியின் பெயரை வாசித்துவிட்டுக் கடதாசியை மடித்தார். உங்கள் பெயரை வாசிக்கவில்லை. பின்னால் இருந்த சனம் முழுக்க என் முதுகைப் பார்த்தது, அந்தப் பார்வை இன்றைக்கும் என் தோளில் கிடக்கிறது. முதல்நாள் இரவு றோசலின் சுவாமியாருக்குப் போன் எடுத்து நிற்பாட்டியிருக்கிறாள், எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. மாதக்கணக்கா ஆம்பிளையளோட மலையிலை கூடாரம் போட்டுப் படுக்கிற பெட்டை எங்கட வீட்டுக்குச் சரிவராது என்று பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அவன், அந்த முதுகெலும்பில்லாதவன், உன்னோடு ஒரு தரம் வந்து கதைத்தானா? மன்னிக்கச் சொல்லி ஆண்டவர் சொல்லியிருக்கிறார் என்று அப்பா அடிக்கடி சொல்கிறார். ஆண்டவர் அந்த முன்வாங்கில் மாம்பழக்கலர்ச் சேலையோடு இருக்கவில்லை.

இனி உன் கேள்வி. கோபத்தில் போட்டேனோ என்று கேட்டாய். உனக்கு மறதி, எனக்கு மறதி இல்லை. நீ படிக்கிற காலத்தில் முதல்முதலாக அந்தத் தீவுக்குப் போய் வந்தபோது, உன் பையிலிருந்த உடுப்பெல்லாம் சாம்பலாக இருந்தது, தோய்த்துத் தோய்த்து என் கை போனது. அதற்குள் துணியில் சுற்றி ஒரு கரிக்கட்டை கொண்டுவந்தாய். அந்தப் பள்ளத்தாக்கு ஆற்றங்கரையை வெட்டிப் பார்த்தபோது சாம்பலுக்கு அடியில் மரம் நின்ற நிலையிலேயே கரியாகக் கிடந்தது, ஒரு காலத்தில் மலையிலிருந்து நெருப்பு மேகம் இந்த வழியால்தான் இறங்கி ஓடியிருக்கிறது, இனியும் இதே வழியால்தான் இறங்கும் என்றாய். கடலில் வில் மாதிரி வளைந்து கிடக்கிற அந்தத் தீவுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மலைதான், ஒன்று தூங்கினால் மற்றது புரளும் என்றும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கப்படுத்தினாய். கலியாணம் சரிவந்த அன்று இதே மேசையில் எல்லோரும் இருந்து சாப்பிட்ட பிறகு, அந்தக் கரிக்கட்டையை எடுத்து றஜிந்தனின் கையில் கொடுத்து, ஒற்றைத் தாளில் பென்சிலால் ஆற்றைக் கீறி, இந்தக் கோட்டுக்கு உள்ளே ஒருவரும் வீடு கட்டக்கூடாது என்று நீ சொன்னபோது நான் பாயசம் பரிமாறிக்கொண்டு நின்றேன். றோசலின் சிரித்து, இதென்ன மருமகள் கரி காவிக்கொண்டு திரியிறா என்றாள். அவன் கரியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தான். இன்றைக்கு வரைபடத்தில் இருக்கிற சிவப்புக் கோடு அன்றைக்கு நீ பென்சிலால் கீறிய அதே கோடு. அன்றைக்கு உனக்கு அவன்மேல் கோபமா? அவன் பெயரைச் சொன்னால் உன் முகம் சிவக்கிற காலம் அது. அவனை விரும்பின கையால் போட்ட கோட்டை, அவனை வெறுக்கிறாய் என்பதற்காக நீ அழிக்கப் போகிறாயா? அவன் அறியாமல் போய்க் கட்டவில்லை பிள்ளை. அறிந்து, உன் சொல்லைக் கரி மாதிரித் துடைத்துவிட்டுக் கட்டியிருக்கிறான். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

கோபம் என்னிடம் இருக்கிறது, உனக்கும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன், நீ அதைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் மலை ஏறத் தேவையில்லை. நான் எவ்வளவு பொல்லாதவள் என்றும் சொல்லிவிடுகிறேன். சூசையப்பர் கோயிலுக்குப் போய், அந்த மலை வெடிக்க வேண்டும், விடுதி மட்டும் போக வேண்டும், ஆட்கள் எல்லோரும் அந்த நேரம் சந்தைக்குப் போயிருக்க வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்தினேன். அப்பா கேட்டுவிட்டு, அவர் தச்சுவேலை செய்தவர், வீடு இடியக் கேட்டா அவருக்குப் பிடிக்குமோ என்றார். அந்த மனிதன் கோபித்துக்கொண்டிருக்கவும் விடமாட்டார். ஆனால் றோசலின் வெளிக்கிட முதல் கைப்பையைத் திறந்து ஒரு படம் காட்டினாள், அவனுடைய பெடியன், தவழத் தொடங்கிவிட்டானாம், அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் தவழ்கிறான். நான் படத்தைக் கவிழ்த்து வைத்தேன். அவள் கோடு பிழை என்று தெரிந்து வந்தவள் இல்லை, கோடு சரி என்று பயந்து வந்தவள். பயத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தாள். நான் வாங்கவில்லை. கோட்டைத் தள்ளக் கேட்கிற நேரத்துக்கு மகனைத் தள்ளிக் குடியிருக்கச் சொல்லு என்று சொல்லி அனுப்பினேன். அழுதுகொண்டு போனாள். அவள் அழுதது எனக்கு இனித்தது, ஆனால் அந்தப் பிள்ளையின் படம் இனிக்கவில்லை.

ஆனபடியால் நீதான் போக வேண்டும். அந்தப் பெடியன் நல்லவனாக இருக்கலாம், அவன் வாசித்தால் அது ஒரு அறிவித்தல். நீ வாசிக்க வேண்டும். அவர்கள் நம்முடைய மூன்றாம் வாசிப்பை நிற்பாட்டினார்கள், இந்த மூன்றாம் வாசிப்பை யாரும் நிற்பாட்டக்கூடாது. வேலையில் உனக்கு மேலே இருக்கிற பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொள், கோடு எப்போது யார் கீறியது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, ஒளிக்க நமக்கு ஒன்றுமில்லை. தலையை வாரி, நல்ல உடுப்பு உடுத்து, அவன் இருக்கிற வாங்கைப் பார்த்து விடுதியின் பெயரைத் தெளிவாக வாசி, தடை ஏதும் இருந்தால் எழும்பிச் சொல்லச் சொல்லு. அவன் எழும்பினால், அன்றைக்கு நீ அவன் கையில் கொடுத்த கரிக்கட்டை எங்கே என்று கேள். அதோடு நிற்பாட்டாதே. மலை குமுறினால் எந்தப் பாதையால் ஓட வேண்டும், எந்தப் பாலத்தால் போகக்கூடாது, பிள்ளைகளை முதலில் எங்கே ஏற்ற வேண்டும் என்று அதையும் இரண்டு தரம் வாசி, அவனுடைய பெண்சாதிக்கு விளங்கும்வரை வாசி. நாளைக்கோ, பேரப்பிள்ளைகள் காலத்திலோ, என்றைக்கோ ஒருநாள் அந்தப் பிள்ளை உயிர் தப்பி ஓடும், அது நீ சொல்லிக் கொடுத்த பாதை, கூடாரத்தில் படுத்த பெட்டை நடந்து பார்த்த பாதை. றோசலின் அதை ஆயுள் முழுக்க நினைக்க வேண்டும். இதைவிடப் பெரிய பழி எனக்குத் தெரியவில்லை.

மற்றும்படி சாப்பாட்டைக் கவனி, மலை வாயில் அந்த நாற்றப் புகை அடித்தால் வீரம் காட்டாமல் இறங்கிவிடு, தொப்பி போடு, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோ. மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கலியாணக் கதை நான் இதில் எடுக்கவில்லை என்பதைக் கவனித்தாய்தானே. அப்பா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னார், றோசலினின் கேக்கை நான் தொடமாட்டேன் என்று வைத்திருக்க அவர் கரைத்து முடித்துவிட்டார்.

தேவமாதா உன் முன்னும் பின்னும் நடக்கட்டும், நீ மிதிக்கிற நிலம் ஆடாமல் இருக்கட்டும். வாசித்து முடித்த அன்றே போன் எடு, அவன் முகம் எப்படி இருந்தது என்று ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும். அந்த மாம்பழக்கலர்ச் சேலையை நான் அன்றைக்குப் பிறகு உடுக்கவில்லை. நீ போன் எடுத்த அடுத்த ஞாயிறு, எவ்வளவு பனி கொட்டினாலும், அதை உடுத்துக்கொண்டு முன்வாங்கில் போய் இருப்பேன். சுருக்கம் போக மினுக்கி வைத்துவிட்டேன்.

உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா,
சிசிலி தேவதாசன்