ராஜா பேரைச் சொல்லி

மூர்னாவ் ஆஸ்பத்திரி
12 மே 1986

அன்புள்ள குவிரினுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். டாக்டர் கையை விரித்துவிட்டார். ஏரியில் மூழ்கிச் செத்த நம் லுட்விக் ராஜாவின் நூறாவது நினைவு நாளுக்கு உங்களோடு ஏரிக்கரைக்கு வர எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அணு உலை வெடித்த நஞ்சு மழையில் இறங்கியிருக்கிறதாம், கீரையைத் தொடாதே என்று நர்ஸ் மிரட்டுகிறாள். எனக்கு இனி அதனாலா சாவு வரப்போகிறது!

ராஜா பேரில் நாம் நடத்தும் சங்கத்தில் நான் கடைசியாகப் பேசியதற்கு எல்லோரும் இன்னும் குதிக்கிறார்களாமே? ராஜா நிச்சயம் செய்த பெண்ணை வேண்டாமென்று விட்டவர், சாகும்வரை கல்யாணம் செய்யாதவர். அவர் மனம் ஆண்கள் பக்கம் போயிருக்கும் என்றேன். அவ்வளவுதானே?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செத்த சங்கத்தாருக்கு எல்லாம் செய்வதுபோல என் குழிமேலும் சங்கக் கொடியைத் தாழ்த்த வேண்டும், அதை நீதான் செய்ய வேண்டும்.

உன்
கொர்பினியன்

19 மே 1986

அடேய் கொர்பினியா,

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா? கசாப்புக்கடை அலோய்ஸ் பீர்க் கோப்பையை மேசையில் குத்தி, "ராஜாவோட படுக்கையறையில இவனுக்கு என்னடா வேலை? இவன் என்ன விளக்குப் பிடிச்சானா?" என்று கத்தினான். சங்கமே சிரித்தது. தலைவன் நான், நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வரும் ஞாயிறு உன்னை விலக்க வாக்கெடுப்பு. விலக்கியவன் குழிக்குக் கொடி போகாது, உனக்குத் தெரியாததா? "தப்பாகப் பேசிவிட்டேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரி வால்புர்கா கேக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். "பாவம் மனுஷன், அவருக்குன்னு ஒருத்தி இருந்திருந்தா இப்படிப் பேசுவாரா?" என்று புலம்புகிறாள். சாப்பிடு.

உன்
குவிரின்

22 மே 1986

அன்புள்ள குவிரின்,

எழுத மாட்டேன். ராஜாவைப் பற்றிச் சொன்னது ஊகம்தான், ஒப்புக்கொள்கிறேன். அவர் மனசுக்குள் நான் புகுந்தா பார்த்தேன்? ஆனால் என் மனசு எனக்குத் தெரியும். அவர் பேரைச் சொல்லி என்னைப் பற்றித்தான் பேசினேன். உன்னைப் பற்றியும்.

மலைமேல் மாடு மேய்த்துக்கொண்டு ஒரே குடிலில் நாம் கிடந்த அந்தக் கோடையை நீ மறந்திருக்க மாட்டாய். அடுத்த வருடமே நீ வால்புர்கா கையைப் பிடித்தாய். நான் மாப்பிள்ளைத் தோழனாக நின்று பல்லைக் காட்டினேன். வயிறு எரிந்தது குவிரின். சாகப்போகிறவன் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லக் கூடாதா?

எனக்காக நீ பேச வேண்டாம். உன் கையை மட்டும் தூக்காதே.

என்றும் உன்
கொர்பினியன்

26 மே 1986

கொர்பினியா,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். வால்புர்கா பார்க்கவில்லை.

எல்லோரும் கை தூக்கினார்கள். அலோய்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் தூக்கினேன். நான் கோழை, வேறு என்ன சொல்ல.

கொடி இல்லாவிட்டாலும் ஆளாக வருவோம் என்று நினைத்தேன். சவ ஊர்வலத்தில் நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும்: முன்னால் வீட்டு மனிதர்கள், பிறகு சங்கம், கடைசியில் ஊர்க்காரர்கள். சங்கம் உனக்கு வராது. ஊர்க்காரர்களோடு ஊர்க்காரனாக உன் பின்னால் நடக்க என்னால் ஆகாது. முன்னால், உன் வீட்டு மனிதனாக நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் வரவில்லை.

குவிரின்